டிரம்மைச் சுட்டது நான்தான்

பிரசன்னா பொய் சொல்கிறார். நாற்பது வருடமாக, மேடை மேடையாக, மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே பொய்யைச் சிரித்துச் சிரித்துச் சொல்கிறார். போன மாதம் மைசூர் திறந்தவெளி அரங்கத்தில் அவர் அதைச் சொன்னபோது என் அப்பா நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

பொசுங்கும் பிளாஸ்டிக்கின் நாற்றம் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் குடித்தாலும் இறங்காது. ஒன்பது வயதில் எனக்கு அது ஒட்டியது. அதற்கு முன் இந்தப் பிரசன்னா யார் என்று சொல்லிவிடுகிறேன்.

மைசூரின் முதல் ராக் குழு என்று சொல்லிக்கொள்ளும் நான்கு கிழவர்களில் அவர் பாடகர். கல்லூரி விழாக்களில் வெள்ளைக்காரன் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு சொந்தப் பாட்டு கேசட்டில் வந்து ஓடியது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு பெங்களூர் ஓட்டல்களில் பல வருடம் பிழைத்தார்கள். பிறகு ஒருவர் அமெரிக்கா போனார், ஒருவர் பல்பொடி விளம்பரத்துக்கு இசை போட்டார், ஒருவர் தன் அப்பாவின் ஊதுபத்திக் கம்பெனியில் உட்கார்ந்தார். இப்போது முடிக்குச் சாயம் அடித்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார்கள். பிரசன்னாவுக்குக் குரல் மேலே எட்டுவதில்லை. அந்த இடம் வந்ததும் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிடுகிறார், கூட்டம் பாடிக்கொடுக்கிறது. கிதார்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து வாசிக்கிறார், பாட்டுக்குப் பாட்டு முழங்காலைத் தேய்க்கிறார். அதை நான் குறை சொல்லவில்லை. கிழடாவது குற்றமில்லை.

என் அப்பா மாரிமுத்துதான் அந்தக் குழுவின் முதல் டிரம்மர். அனூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, வீடுகளுக்குப் பெயின்ட் அடித்தார். ஒட்டி ஒட்டி வரிசையாக நின்ற எங்கள் "லைன்" வீடுகளில் யாராவது செத்தாலோ மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினாலோ தப்பட்டை அடித்தார். பிரசன்னாவின் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போனபோது, பின்கட்டில் அந்தப் பையன்கள் டிரம்மர் இல்லாமல் திணறிக்கொண்டிருந்ததைப் பார்த்து, பிரஷ்ஷை வாளியில் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்து அடித்திருக்கிறார். அன்றிலிருந்து வாரம் இரண்டு நாள் அங்கே போனார். அவர்கள் வீட்டிலும் தமிழ்தான், ஆனால் வேறு தமிழ். எங்கள் தமிழ் பின்கட்டு வழியாகப் போய்ப் பின்கட்டு வழியாகவே திரும்பி வரும்.

அந்த மார்கழியில் ஒரு கல்லூரி விழாவுக்குக் குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள். பிரசன்னாவின் மாமா லண்டனிலிருந்து கொண்டுவந்த, தோலுக்குப் பதிலாகப் போடும் புது மூடியைச் சின்ன டிரம்மில் மாட்டி, கை பழகட்டும் என்று அப்பாவிடம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அதை வேட்டியில் சுற்றி அலமாரி மேல் வைத்துவிட்டு, "இது பிளாஸ்டிக்கு. மழைக்கும் பயப்படாது, பனிக்கும் பயப்படாது. நம்முளுது மாதிரி சிணுங்காது" என்று அம்மாவிடம் அப்பா பெருமையாகச் சொன்னாராம். நான் தூங்கிப் போயிருந்தேன்.

டிரம் என்றால் மேலே மாட்டுத்தோல் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. பனிக்காலத்தில் தோல் தொய்ந்துவிடும், சத்தம் அமுங்கிவிடும்; அடிப்பதற்கு முன் செய்தித்தாளையும் கரும்புச் சோகையையும் கொளுத்தி, தப்பட்டையை அந்த அனலில் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். அதற்குத் "தப்பட்டை காய்ச்சுவது" என்று பேர். சாவு வீட்டு வாசலில் அப்பாவுக்குக் காய்ச்சிக் கொடுப்பது நான்தான், விரலால் சுண்டிப் பார்த்துப் பதம் சொல்லவும் எனக்குத் தெரியும். விழா நாள் காலையில் அப்பா குளிக்கப் போயிருந்தார், அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நான் டிரம்மைச் சுண்டிப் பார்த்தேன். சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. வாசலில் தாளைக் கொளுத்தினேன்.

மூடி சுருங்கியது, கொப்பளித்தது, நடுவில் ஓட்டை விழுந்தது. அம்மா குடத்தை இறக்காமலே என் முதுகில் ஒன்று வைத்தாள். ஈரத் துண்டோடு ஓடி வந்த அப்பா அடிக்கவில்லை.

"ஆரு கேட்டாலும் அப்பன்தான் காய்ச்சுனாருன்னு சொல்லு கண்ணு. உன்னைய ஒண்ணும் சொல்லப்படாது."

மாற்று மூடி கிடைக்கவில்லை. சாயங்காலம் அப்பா தன் தப்பட்டையைக் கொண்டுபோய், மேடைக்குப் பின்னால் காய்ச்சி, சின்ன டிரம் இருந்த ஸ்டாண்டில் துணியால் இழுத்துக் கட்டினார். அம்மாவும் நானும் காம்பவுண்டு சுவரோரம் நின்றோம். அவர்களின் சொந்தப் பாட்டு வந்தது. மற்றவர்கள் சேர்வதற்கு முன் அப்பா தனியாக அடித்தார், எங்கள் தெருவில் பாடை எடுக்கும்போது அடிக்கும் அடியை, கொஞ்சம் வேகம் கூட்டி. அதுவரை உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்த பையன்கள் பெஞ்சு மேல் ஏறி ஆடினார்கள். பாட்டை மூன்று தடவை கேட்டு வாங்கினார்கள்.

மறுநாள் பிரசன்னா எங்கள் லைனுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. டிரம் குச்சிகளைத் திருப்பிக் கேட்டார்.

"மாரி, எல்லாரும் இதென்ன சாவு மேளம்னு கேக்கறா. எனக்குத் தலை நிமிர முடியலை. லண்டன் சாமானைச் சுட்டுத் தின்னவன்கிட்ட இனிமே எதைக் குடுக்கறது? நீ பெயின்ட் வேலையைப் பாரு."

அப்பா தலையைக் குனிந்து, "சரிங்க தம்பி" என்றார். நான் அவர் சொன்னதை மீறினேன். ஓடிப்போய்ப் பிரசன்னாவின் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு, "அப்பா இல்லீங்க, நான்தான் சுட்டேன்" என்று அழுதேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நீ சுட்டா என்ன, அவன் சுட்டா என்ன? ரெண்டும் ஒண்ணுதான். கையை எடு."

அடுத்த வருடம் கேசட் வந்தது. பாட்டின் தொடக்கத்தில் அதே அடி. வேறு ஆள், பிளாஸ்டிக் மூடி, அடி மட்டும் எங்கள் தெருப் பாடையுடையது. டீக்கடையில் அது பாடும்போதெல்லாம் லைன் பையன்கள் அப்பாவைக் கூப்பிடுவார்கள்: "ஏ ராக் ஸ்டாரு, மூணாவது லைன்ல கிழவி இழுத்துக்கிட்டு இருக்கா, ரெடியா இரு!" அப்பாவும் கூடச் சிரிப்பார். அம்மா சிரிக்க மாட்டாள். "சிரிச்சு சிரிச்சே கொடுத்துட்டு வந்த ஆளு" என்பாள், சாகும்வரை சொன்னாள்.

போன மாதம் பிரசன்னா மேடையில் சொன்ன கதை இது: எங்கள் முதல் டிரம்மர் ஒரு பெயின்டர், நல்லவன், ஆனால் காட்டான், டிரம்மைத் தந்தூரி போட்டுவிட்டான், நல்லவேளை பாட்டு பிழைத்தது. அரங்கம் உருண்டு சிரித்தது. அப்பாவும் சிரித்தார், கை தட்டினார். நான் முன்வரிசை முதுகுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் என் வயதுக்காரர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது வருடமாக நானும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன், என் மேல் விழவேண்டிய சிரிப்பை அப்பா தலையில் விழவிட்டு.

முடிந்ததும் அப்பா மேடைப் பக்கம் போயே தீருவேன் என்றார். பிரசன்னா முதலில் யாரென்று பார்த்தார். பிறகு, "அடடே, நம்ம தந்தூரி மாரி!" என்று தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். அப்பா கையைக் கூப்பி, "நல்லா இருந்துச்சுங்க சார். அந்த ஆரம்பம் மட்டும் இன்னுங் கொஞ்சம் எறக்கி அடிக்கணுங்க" என்றார். பிரசன்னா அதற்குள் அடுத்த ஆளோடு படத்துக்கு நின்றுவிட்டார். ஆட்டோவில் நான் பொருமியபோது, "விடு கண்ணு, நாலு பேரு சிரிச்சாங்கல்ல" என்றார் அப்பா.

நான் விடப்போவதில்லை. லைன் வீடுகள் போய் அங்கே கார் நிறுத்தும் இடம் வந்துவிட்டது. எங்கள் ஆட்கள் இப்போது சாவுக்கு அடிப்பதும் ஃபைபர் தப்பட்டைதான், யாரும் எதையும் காய்ச்சுவதில்லை. அப்பாவோடு அடித்தவர்களில் யாரும் உயிரோடு இல்லை, சாட்சி சொல்ல.

பிரசன்னா சார், அடுத்த மாதம் பெங்களூரில் கச்சேரி என்று சுவரெல்லாம் ஒட்டியிருக்கிறீர்கள். டிரம்மைச் சுட்டது நான். ஊர் படிக்கும்படி எழுதிவிட்டேன், சிரிப்பவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். உங்கள் பாட்டின் தொடக்க அடி யாருடையது? போனில் சொல்ல வேண்டாம், வீட்டுக்கு வந்து சால்வை போர்த்தவும் வேண்டாம். அந்த மேடையில், அந்த மைக்கில், மாரிமுத்து என்று முழுப் பெயரைச் சொல்லிப் பதில் சொல்லுங்கள். அப்பாவுக்கு ஒரு காது போய்விட்டது. இன்னொன்று இருக்கும்போதே சொல்லுங்கள்.