செவுள் இல்லாத மீன்

நாற்பது வயதைத் தாண்டினால் ஆணுக்குச் சர்க்கரை வரும், இல்லையென்றால் பொழுதுபோக்கு வரும். எனக்குப் பொழுதுபோக்கு வந்தது. திண்டுக்கல்லில் கடல் கிடையாது, கோடை வந்தால் குடத்திலேயே தண்ணீர் கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, பம்பால் காற்றடித்தால் உப்பும் காயாக் என்ற துடுப்புப் படகு ஒன்றை இணையத்தில் வரவழைத்தேன்.

சித்தையன்கோட்டைப் பக்கம் என் மச்சானுக்கு, அதாவது மனைவியின் அண்ணனுக்கு, ஒரு தென்னந்தோப்பு உண்டு. தோப்பை ஒட்டிக் கண்மாய். கண்மாய் மீனைக் குத்தகைக்கு எடுத்தவரிடம் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் தூண்டிலோடு இறங்குவேன். லைஃப் ஜாக்கெட், கறுப்புக் கண்ணாடி, தொப்பி சகிதம் நான் துடுப்புப் போடுவதைக் கரையில் ஆடு மேய்ப்பவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஆடுகளும் பார்க்கும். எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. வாரத்தில் அந்த நான்கு மணி நேரம்தான் யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

மீன் பிடிப்பது பெரிய விஷயமில்லை என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. பிடித்ததை வீடு வரைக்கும் மீனாகவே கொண்டுவருவதுதான் விஷயம். முதல் வாரம் நான்கு ஜிலேபி மீன்களைக் காலடியில் போட்டுக்கொண்டு, அடுத்தது கடிக்கும் என்று உச்சிவெயில் வரை உட்கார்ந்திருந்தேன். திண்டுக்கல் வந்து சேர்வதற்குள் அவற்றுக்கு வயிறு ஊதிவிட்டது. தெருப்பூனை முகர்ந்து பார்த்துவிட்டு மரியாதையாக விலகிப் போனது.

ஆனை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசிக்கலாமா? எட்டு மணி நேரம் குளிர்ச்சி காக்கும் என்று போட்டிருந்த ஒரு பையை வாங்கினேன். அடுத்த வாரம் அதில் ஐஸை உடைத்துக் கொட்டி மீனைப் போட்டேன். ஐஸ் உருகித் தண்ணீராகி, மீன் அதில் நாலு மணி நேரம் ஊறி, அவல் மாதிரி கைக்கு வந்தது. காரின் பின்சீட்டில் அந்தத் தண்ணீர் கொட்டியதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள். "ஏங்க, இன்னொரு தடவ இந்த நாத்தம் வீட்டுக்குள்ள வந்துச்சு, படக பழைய இரும்புக்காரர்ட்ட போட்டுருவேன்."

"அது இரும்பு இல்லையே."

"பரவால்ல. நான் சொன்னா எடுத்துக்குவாரு."

எடுத்துக்கொள்வார் என்று எனக்கும் தெரியும். உண்மையாகவே பயந்துபோனேன்.

வழி காட்டியது மல்லிகைப்பூ. மச்சானுக்குப் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. வெளியூர் போகிற மல்லிகையைத் தெர்மாகோல் பெட்டியில் கட்டுவார்கள். அடியில் பாலிதீன் பையில் முடிந்த ஐஸ், மேலே செய்தித்தாள், அப்புறம் பூ, மறுபடி தாள். பூவில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாது. கடையில் உட்கார்ந்து காபி குடித்தபடியே முழுத் தொழிலையும் திருடிக்கொண்டேன். காலிப் பெட்டி ஒன்றையும் கேட்டு வாங்கினேன்.

மூன்றாவது ஞாயிறு. பெட்டியைப் படகின் பின்பக்கம் கயிற்றால் கட்டினேன். மீன் ஏற ஏற, செல்போன் வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் செய்து காட்டியபடி அங்கேயே குடலையும் செவுளையும் எடுத்து, கழுவி, வாழை இலையில் சுற்றி, ஐஸ் முடிச்சுகளுக்கு நடுவே அடுக்கினேன். அன்று மச்சான் குடும்பத்துக்கும் மாமியாருக்கும் எங்கள் வீட்டில் சாப்பாடு. பெட்டியைத் திறந்தபோது ஆறு மீன்களும் கண்ணாடி மாதிரி மின்னின. லேசாக மல்லிகை வாசம்கூட வந்தது.

மீனைப் பார்த்து வாங்குவதில் மாமியார் கெட்டிக்காரர். அலுமினியச் சட்டியில் வாலை அடிக்கிற மீனைத்தான் வாங்குவார். அன்றைக்கு ஒன்றை எடுத்து விரலால் அமுக்கினார். மருமகனிடம் நேரே பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை. மகளிடம்தான் சொன்னார்.

"ஏத்தா, இது ஐஸ் மீனு. உங்க வீட்டுக்காரர ஏமாத்திப்புட்டாய்ங்க."

"நானே பிடிச்சது அத்தை. காலைல பிடிச்சேன்."

"கம்மாயில பிடிச்ச மீனு இம்புட்டுச் சில்லுனு இருக்குமாத்தா? செவுள் எங்கன்னு கேளு. பழசுன்னு தெரிஞ்சிரும்னு செவுளையே பிச்சுப்புட்டாய்ங்க. வாசம் வேற தெளிச்சிருக்காய்ங்க."

செல்போனை நீட்டினேன். படகில் நான், கையில் மீன். மச்சான் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். "மாப்ள, போட்டோலாம் இப்ப செல்லுலயே செஞ்சுக்கிறாய்ங்க" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை, ஆறுதலாகச் சொன்னார். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

ஐஸ் மீன் என்பதால் மஞ்சளும் புளியும் கூடுதலாகப் போட்டுக் குழம்பு வைத்தார்கள். மச்சான் ஐந்து துண்டு சாப்பிட்டார். மிச்சமிருந்த இரண்டு பச்சை மீனை மாமியாரே ஃப்ரீசருக்குள் வைத்து, "ரெண்டு நாளைக்குக் கெடாதுத்தா" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

எல்லோரும் போன பிறகு மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நாத்தம் இல்ல. படகு இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். எனக்கு உயிர் வந்தது. அவள் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். "எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. எந்தக் கடையில வாங்குனீங்க?"

அவள் முகத்தைப் பார்த்தேன். நான் உண்மையைச் சொன்னால் அதைப் பொய் என்று எடுத்துக்கொள்வாள், படகும் போய்விடும் என்று தோன்றியது.

"எரியோட்டு மீன் கடையில" என்றேன்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவளே பையைக் கையில் கொடுத்து, செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கச் சொல்லி எரியோட்டுக்கு அனுப்புகிறாள். நானும் சித்தையன்கோட்டைக் கண்மாயில் போய் வாங்கி வருகிறேன்.