தரையோரத்து ஜன்னல்

விருத்தாசலத்தில் கட்டட வடிவமைப்பு அலுவலகம் தொடங்கியபோது என்னிடம் இருந்த ஒரே ஊழியர் கவிதா. வரைபடங்களில் பாதிக்கு மேல் அவர் போட்டவை. ஆனால் எல்லாவற்றிலும் என் பெயர்தான் இருக்கும். தொழில் என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

பீங்கான் பொம்மைப் பட்டறை நடத்தும் ஓர் அம்மாவுக்கு வீடு கட்டினோம். சூளைச் சூட்டில் நின்றுவிட்டு வந்தால் அவர் தரையில்தான் உட்காருவார் என்று கவிதா கேட்டுத் தெரிந்துகொண்டு, கூடத்து ஜன்னலைத் தரையிலிருந்து ஓரடி உயரத்திலேயே வைத்தார். பார்க்க நன்றாக இருக்காது, வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன்.

புதுமனை புகுவிழாவில் அந்த அம்மா எனக்குத் துண்டு போர்த்தினார்.

"கீழ ஒக்காந்தா காத்து ஜில்லுன்னு வருதுங்க. இந்த யோசன உங்களுக்கு எப்பிடி சார் வந்துது?"

கவிதா என் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"எல்லாம் அனுபவம்தாம்மா" என்றேன்.

திரும்பி வரும்போது கவிதா ஒன்றுதான் கேட்டார். "நான் போட்டதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா கொறஞ்சா போயிடுவீங்க சார்?"

அந்த மாதமே வேலையை விட்டுவிட்டார்.

இப்போது என் வரைபடங்களில் வடிவமைத்தவர் பெயருக்கென்று ஒரு கட்டம் உண்டு. ஆனால் அந்த அம்மாவிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஜன்னலைக் காட்டி என்னைப் புகழ்கிறாராம். அதைக் கேட்டுவிட்டு என்னைத் தேடி வருகிறார்கள். நானும் உட்காரச் சொல்கிறேன்.