ஆட்டுத் தலை யாருக்கு?

தட்டில் குதிரைக்கறியைப் பார்த்த முதல் நாள் சஃபரலி ஒரு வாய்கூட வைக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் தைரியம் வரவில்லை. அவன் தங்கியிருந்த வீட்டுக்காரி ஸாவ்ரேஷ் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்துத் துண்டுகளைக் கோட்டுப் பைக்குள் தள்ளி, வெளியே வந்து நாய்க்குப் போட்டான். அவன் தாஜிக் மலைக்காரன், குலோப் பக்கம், நாற்பதைத் தாண்டியவன். அங்கே குதிரை ஏறிப் போவதற்குத்தான், உலையில் போடுவதற்கு இல்லை. கசாக் புல்வெளிக்குக் கொத்தனார் வேலைக்கு வந்த இடத்தில் இப்படி மாட்டிக்கொண்டான் பாவம். அந்தக் குளிர்காலம் முழுக்க நாய்தான் நன்றாகத் தேறியது.

ஸாவ்ரேஷ் லேசுப்பட்டவளா? கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏன் தம்பி, எங்க வீட்டு நாய்க்கு விருந்து வைக்கவா அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்தே?"

"இல்ல அண்ணி... பழக்கமில்ல. தொண்டையில எறங்க மாட்டேங்குது."

"அதை வாயைத் திறந்து சொன்னா முத்தா உதிர்ந்துடும்?"

அன்றிலிருந்து அவனுக்குத் தனியாக ஆட்டுக்கறி வெந்தது. பால் ஊற்றிய டீ மட்டும் மாறவில்லை. பச்சைத் தேயிலைக்கு ஏங்கி ஏங்கி, கடைசியில் அவனும் பால் டீக்கு அடிமையாகிப்போனான். ஒருநாள் கசாக்குகள் வழிநடைக்குக் கடித்துக்கொண்டு போகிற காய்ந்த தயிர் உருண்டைகளை வெந்நீரில் கரைத்து, ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, வெங்காயமும் எண்ணெயுமாகத் தன் ஊர்ச் சாப்பாடு செய்தான். "பல்லு இருக்கும்போதே ஏன்டா கரைச்சுக் குடிக்கிறே?" என்று சிரித்த வீட்டுக்காரர் எர்காஸிதான் அன்று சட்டியை வழித்து நக்கினார்.

தலை விஷயத்தை அவன் கற்றுக்கொண்டதும் அவரிடம்தான். ஒரு விருந்தில் வேகவைத்த ஆட்டுத் தலை அவன் பக்கமாக வந்தது. சும்மா இருக்காமல் கையை நீட்டிவிட்டான். எர்காஸி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"டேய், உங்க அப்பா இருக்காரா?"

"இருக்காரே அண்ணே. நல்லா இருக்கார்."

"அப்ப கையை எடு. அப்பா இருக்கிறவன் முன்னால தலையை வைக்க மாட்டோம், அவனும் தொட மாட்டான். அவர் காலத்துக்குப் பிறகுதான் அந்த மரியாதை."

"அப்படின்னா அந்த மரியாதையே எனக்கு வேணாம் அண்ணே!"

எல்லோரும் சிரித்தார்கள். எர்காஸி ஒரு காதை அறுத்துப் பேத்தியிடம் கொடுத்தார். காது பிள்ளைகளுக்கு, சொன்ன பேச்சைக் கேட்க வேண்டுமாம். அந்தப் பெண் அதைத் தின்றுவிட்டு அன்று முழுக்க யார் பேச்சையும் கேட்கவில்லை.

மூன்றாவது குளிர்காலத்தில் சஃபரலியின் அப்பா ஒலிம்ஷோவுக்கு நெஞ்சைத் திறந்து அறுவை செய்ய வேண்டும் என்று தாஜிக் தலைநகர் துஷான்பேயில் டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். இவன் மூட்டை கட்டினான். கிழவர் போனிலேயே எகிறினார்.

"நீ வந்து என்ன பண்ணப் போறே? டாக்டருக்குக் கத்தி எடுத்துக் குடுக்கப் போறியா? உன் தங்கச்சி இருக்கா, மாப்பிள்ளை இருக்கான். பேசாம வேலையைப் பாரு."

பேசாமல்தான் இருந்தான். ஆனால் அறுவைக்கு முன்னால் பிடித்த பனிப்புயல் ஊரையே மூடிவிட்டது. டவர் சாய்ந்து போன் செத்தது. அறுவை நாள் வந்தது, போனது. செத்த போனைக் கையில் வைத்துக்கொண்டு பட்டிக்கும் வீட்டுக்கும் அலைந்தான். சுட்ட ரொட்டி அவன் முன்னால் ஆறிக் கிடந்தது. ஸாவ்ரேஷ் திட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

புயல் கொஞ்சம் ஓய்ந்ததும் பக்கத்து வீட்டு டிராக்டர் டவுனுக்குக் கிளம்பியது. டிரைவரோடு ஒரு ஆள்தான் ஏற முடியும். சஃபரலி ஓடினான். "வழியில பனியில மாட்டினா உனக்கு இந்தப் பக்கம் ஒரு மண்ணும் தெரியாது. நம்பரைக் குடு, நான் பேசிட்டு வர்றேன்" என்று எர்காஸி ஏறிக்கொண்டார்.

மறுநாள் மதியம் திரும்பினார். சஃபரலி வாசலிலேயே நின்றிருந்தான்.

"பேசினீங்களா அண்ணே?"

எர்காஸி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "பேசினேன், பேசினேன். ஆடு அறுக்கணும். எல்லாரும் வரட்டும், சாப்பிட்டுட்டுச் சொல்றேன்" என்று பட்டிப் பக்கம் நடந்துவிட்டார்.

அவ்வளவுதான், சஃபரலிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இந்த ஊரில் சாவுச் செய்தியைப் பட்டென்று போட்டு உடைக்க மாட்டார்கள். நாலு பேரைக் கூட்டி, பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றி வளைத்துத்தான் சொல்வார்கள். அவனே அப்படி ஒரு வீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். அல்லாவே, அப்படி இருக்கக் கூடாது, அப்படி இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே விறகு பிளந்தான்.

அக்கம்பக்கத்தார் வந்து உட்கார்ந்தார்கள். எர்காஸி வழக்கமில்லாத வழக்கமாக வாயே திறக்கவில்லை. அவருடைய மாப்பிள்ளை சயாத் பெரிய தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். நேராக வந்தான். ஆட்டுத் தலையைச் சஃபரலியின் முன்னால், முகம் அவனைப் பார்க்கிற மாதிரி வைத்தான்.

டீ ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

சஃபரலிக்குப் புரிந்துவிட்டது. இதைவிடத் தெளிவாக ஒரு மனிதனுக்கு எப்படிச் சொல்ல முடியும்? அப்பா போய்விட்டார். போனில் எகிறினதுதான் கடைசிப் பேச்சு. வேலையைப் பாரு என்றாரே, பார்த்துக்கொண்டு இருந்தேனே பாவி என்று தன்னையே நொந்துகொண்டான். சபையில் அழக் கூடாது என்று பல்லைக் கடித்தான். கண்ணீர் யாரைக் கேட்டு வருகிறது? தாடி நனைந்தது.

"எப்ப அண்ணே?" என்றான். "மண்ணு போட்டாச்சா?"

அப்போதுதான் ஸாவ்ரேஷ் கதவருகிலிருந்து பாய்ந்து வந்தாள். மாப்பிள்ளை என்றும் பார்க்கவில்லை, சபை என்றும் பார்க்கவில்லை. கையிலிருந்த துணியால் சயாத்தின் முதுகில் ஒரு போடு போட்டாள்.

"அட அறிவுகெட்டவனே! அவங்க அப்பா கல்லுக்குண்டாட்டம் உயிரோட இருக்கார், அவன் முன்னால போய்த் தலையை வைக்கிறியே! உன் கண்ணு என்ன பின்னாலயா இருக்கு?"

"விருந்து அவனுக்குத்தானே அத்தே... அதான்..." சயாத்துக்கு முகம் வெளிறிவிட்டது.

"விருந்து அவனுக்குன்னா? தலை அவனுக்கா?" அப்படியே புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்க என்ன பிடிச்சு வச்ச மாதிரி உட்கார்ந்திருக்கீங்க? என்கிட்ட சொன்னீங்களே, வந்ததுமே அவன்கிட்ட சொல்லலியா?"

எர்காஸி தொப்பியைத் தள்ளித் தலையைச் சொறிந்தார். "எல்லாரும் கூடினதும் நல்ல சேதின்னு கத்தி, சேதி கொண்டாந்தவனுக்குக் குடுக்குற பரிசை அவன்கிட்டக் கேக்கலாம்னு இருந்தேன்..."

"நல்லாக் கேட்டீங்க பரிசு! புள்ளையை உசுரோட கொன்னுட்டு!"

சஃபரலி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணி, இன்னொரு தடவை சொல்லுங்க. திட்டினீங்களே, அதை அப்படியே சொல்லுங்க."

"உயிரோட இருக்கார்டா! நேத்தே கண்ணு முழிச்சாச்சு. ஆஸ்பத்திரிச் சூப்புல உப்பில்லைன்னு உன் தங்கச்சிகிட்ட சண்டை போட்டாராம்."

உப்பு என்றதும் நம்பினான். அது அப்பாவேதான். சிரித்தான், அழுதான், மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான். அவன் அழுததைப் பார்த்து அழுதவர்கள் இப்போது அவன் சிரித்ததைப் பார்த்து இன்னும் கொஞ்சம் அழுதார்கள். சயாத் நெஞ்சில் கையை வைத்து மன்னிப்புக் கேட்டான். சஃபரலி எழுந்து அவனைக் கட்டிக்கொண்டான்.

எர்காஸி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிஸ்மில்லா சொல்லிக் கத்தியை எடுத்து, ஒரு காதை அறுத்துச் சஃபரலியிடம் நீட்டினார். பேத்திக்கு வர வேண்டிய காது; அவள் வாயைப் பிளந்து பார்த்தாள்.

"இந்தா. அப்பா இருக்கிற புள்ளைக்கு இதுதான். தின்னுடா."

நரை விழுந்த தாடியோடு சஃபரலி இரண்டு கையாலும் காதை வாங்கிக்கொண்டான். எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றுதான் அவனுக்குப் பசித்தது.