ரைஹான் அறுத்த கயிறு

ரைஹானுக்குக் கால் ஒரு இடத்தில் நிற்காது. அல்மாத்தி நகரத்தில் டிராலி பஸ் ஓட்டுகிறாள். அவள் வண்டி எல்லா நிறுத்தத்துக்கும் முன்கூட்டியே வந்து முன்கூட்டியே போய்விடும். அலறியடித்து ஓடி வருகிறவர்கள் அதன் முதுகைத்தான் பார்ப்பார்கள். வளைவில் வேகமாகத் திருப்பும்போது கூரையின் கொம்புகள் மின்கம்பியிலிருந்து கழன்றுகொள்ளும். கையுறையை மாட்டிக்கொண்டு கீழே குதிப்பாள். "யாரும் கத்தாதீங்க, கத்தினா கரன்ட் வருமா?" என்று தானே எல்லாரையும்விட உரக்கக் கத்திக்கொண்டு கொம்பை ஏற்றிவிட்டு வருவாள். பாதிப் பேர் திட்டுவார்கள், பாதிப் பேர் சிரிப்பார்கள்.

அவள் கல்யாணம் பற்றி எல்லாருக்கும் தெரியும். புகுந்த வீட்டு வாசலில் குனிந்து வணங்கப் போனவள் தன் முக்காட்டைத் தானே மிதித்து, கொதிக்கிற சமோவாரோடு மாமனார் மடியில் விழுந்தாள். அந்தக் கல்யாணம் ஒரு குளிர்காலம் தாங்கியது. பிறகு ஒருநாள் பெட்டியும் கையுமாகப் பிறந்த வீட்டுக்கு வந்து நின்றாள். "பஸ் கிடைக்கல, நடந்தே வந்துட்டேன்" என்றாள். வேறு எதையும் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அதன்பின் தையல் கடை, பூக்கடை, ஓட்டல் அடுப்படி என்று ஒவ்வொன்றாக மிதித்துவிட்டுக் கடைசியில் டிராலி பஸ்ஸில் ஏறினாள். அதாவது ஓடிக்கொண்டே இருக்கச் சம்பளம் தருகிற வேலை.

நம் அல்மாத்திப் பக்கத்தில் குழந்தை நாலு எட்டு வைக்கத் தொடங்கியதும் அதன் இரண்டு காலையும் கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய கம்பளிக் கயிற்றால் லேசாகக் கட்டுவார்கள். ஒருவர் அதை அறுத்துவிட்டு, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். பெண்கள் மிட்டாய் வீசுவார்கள். அறுத்தவரின் நடை, குணம் எல்லாம் குழந்தைக்கு வந்துவிடும் என்பது நம்பிக்கை. அதனால் யாரைக் கூப்பிடுவது என்று வீடுகளில் ராத்தூக்கம் இல்லாமல் யோசிப்பார்கள். ஊரிலேயே வேகமான காலுக்குச் சொந்தக்காரி ரைஹான். அவளை மட்டும் ஒரு வீட்டிலும் கூப்பிட்டதில்லை. எல்லா விருந்துக்கும் போவாள், மிட்டாய் வீசுவாள், ஏனம் கழுவுவாள், வருவாள். பிள்ளை இல்லாதவளுக்கு இந்த ஒரு ஆசை உள்ளுக்குள் கிடந்து அரித்தது. ஏதாவது ஒரு குழந்தை தன் காலைக் கொண்டு போகட்டும் என்று.

தம்பி செர்ஜானுக்கு மகன் பிறந்தபோது, இவன்தான் என்று முடிவே கட்டிவிட்டாள். பிள்ளைக்குத் தைமாஸ் என்று பெயர் வைத்தார்கள். சறுக்காதவன் என்று பொருள். அவனோ ரெண்டு எட்டுக்கு ஒருமுறை பொத்தென்று விழுந்தான். கோடையில் ஒருநாள் அவள் தம்பி வீட்டு அடுப்படியில் பவுர்சாக் என்கிற மாவு உருண்டைகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் தம்பி மனைவி மோல்திர் தன் அம்மாவோடு போனில் பேசுவது காதில் விழுந்தது. "ஐயோ, அண்ணி வேணாம்மா! யார் வேணா அறுக்கட்டும். இவன் அவங்கள மாதிரி மட்டும் ஆயிடக் கூடாது." அன்றைக்குப் பவுர்சாக் அத்தனையும் கரிந்துபோனது. எண்ணெய் சரியில்லை என்றாள் ரைஹான்.

கயிறு அறுக்க மோல்திரின் பெரியம்மா குல்ஸாதாவை முடிவு செய்தார்கள். கெகெனில் பள்ளித் தலைமையாசிரியை. உட்காருவதற்கு முன் நாற்காலியை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை ஒன்றில் நாலு பேரும் காரில் கெகெனுக்குக் கிளம்பினார்கள். ரைஹான் வரமாட்டாள் என்று நினைத்தார்கள். அவள் எல்லாருக்கும் முன்னால் வந்து வாசலில் நின்றாள்.

பின்சீட்டில் தைமாஸ் ராஜாங்கம் நடத்தினான். ஒரு செருப்பை ஜன்னல் வழியாக வீசினான். அதற்காக வண்டி நின்றது. செருப்பைத் தேடி எடுத்து வந்து கிளம்பியதும் மற்றதை வீசினான். உப்புத் தயிர் உருண்டையை உறிஞ்சிவிட்டு எச்சிலோடு அப்பன் காலருக்குள் போட்டான்.

"யக்கா, எனக்கு முதுகுல என்னமோ ஊருது!" செர்ஜான் நெளிந்தான்.

"ரோட்டைப் பார்த்து ஓட்டுடா. உன் பிள்ள உனக்குச் சோறு ஊட்டுறான்."

"இதுக்குத்தான் சொன்னேன், பிள்ளைய விட்டுட்டு விருந்துக்கு மட்டும் போயிரலாம்னு."

"அவனுக்குத்தானே விருந்து, லூசு!" என்று மோல்திர் கணவன் தலையில் தட்டினாள். வண்டியே குலுங்கச் சிரித்தது. ரைஹானும் சிரித்தாள்.

செர்ஜானைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்காக நசுங்கின கார்களை மதிப்பிடுகிற வேலை அவனுக்கு. உலகத்தில் உள்ள எதைப் பார்த்தாலும் அது எப்படி நசுங்கும் என்றுதான் யோசிப்பான். அப்படிப்பட்டவனுக்குச் சாரின் என்கிற பெரும் பள்ளத்தாக்கு வழியில் வந்தால் கேட்க வேண்டுமா? செலெக்கில் முலாம்பழம் வாங்கினார்கள், மலைக் கணவாய் ஏறி இறங்கினார்கள், வெட்டவெளியில் அனல் அடித்தது. திடீரென்று தரை முடிந்துபோய் கீழே சிவப்புச் சிவப்பாகப் பாறைகள் நின்றன. மோல்திர் வண்டி நிற்கும் முன்பே கழிப்பறைக் கொட்டகையைப் பார்த்து ஓடினாள். பழத்தை நறுக்க ரைஹான் நிழற்குடையின் கீழ் உட்கார்ந்தாள். விளிம்பு ரொம்பத் தள்ளித்தான் இருந்தது. செர்ஜானுக்கு அது போதவில்லை.

"கயிறு எங்க, கயிறு எங்க?" என்று பைகளைக் கிளறினான். வண்டி இழுக்கிற கயிறு எல்லா மூட்டைக்கும் அடியில். கையில் அகப்பட்டது கறுப்பு வெள்ளைக் கம்பளிக் கயிறு. மோல்திரின் அம்மா ஆசை ஆசையாக முறுக்கி, வேண்டியதைவிட நீளமாகவே கொடுத்து அனுப்பியிருந்தாள்.

"டேய், அது விருந்துக் கயிறுடா!"

"சாயங்காலம் வரைக்கும் சும்மாதானே கெடக்கு? கட்டி வச்சா தேஞ்சா போயிரும்?" என்று ஒரு முனையைப் பிள்ளை இடுப்பிலும் மறுமுனையைத் தன் பெல்ட்டிலும் முடிந்தான்.

அந்த நேரம் பார்த்து ஒரு பாலைவன எலி பொந்திலிருந்து எழுந்து நின்று விசில் அடித்தது. தைமாஸ் வீறிட்டான். பயத்தில் இல்லை, ஆனந்தத்தில். அப்பனைச் சுற்றி ஒரு வட்டம், எலி அடுத்த பொந்தில் தலை காட்டியதும் எதிர்ப்பக்கம் ஒரு வட்டம், நடுவில் விழுந்து ஒரு புரளல். செர்ஜானின் முழங்கால் இரண்டும் சேர்ந்துகொண்டன. பிள்ளையின் கணுக்காலிலும் கயிறு இரண்டு சுற்று விழுந்து இறுகிவிட்டது. தைமாஸ் குப்புற விழுந்து, மண் தின்ற வாயோடு அலறினான்.

"யக்கா! குனிய முடியலக்கா! குனிஞ்சா அவன் மேல விழுந்திருவேன், என் எடை..."

எடையைச் சொல்லி முடிப்பதற்குள் ரைஹான் வந்துவிட்டாள். கையில் பழம் நறுக்கிய கத்தி, முழங்கை வரை சாறு. ஒரு விரலைக் கயிற்றுக்கும் காலுக்கும் நடுவில் நுழைத்து, ஒரே இழுப்பில் அறுத்தாள். கத்தியைத் தூர எறிந்தாள். தைமாஸ் எழுந்தான். மூக்கை உறிஞ்சினான், எலியைத் தேடினான், ஓடினான். ஆமாம், ஓடினான், நடந்தது போதும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தவன் மாதிரி. ரைஹான் பாய்ந்து அவன் கையைப் பிடித்தாள், பிடித்தவள் நிறுத்தவில்லை, கூடவே ஓடினாள். விழுந்தான், எழுந்தான், மறுபடி ஓடினான். இரண்டு பேரும் கெக்கெக்கே என்று சிரித்தார்கள்.

அப்போதுதான் மிட்டாய் மழை பெய்தது.

தல்திகொர்கானிலிருந்து ஒரு பஸ் நிறைய ஓய்வுபெற்ற பெண்கள் வந்திருந்தார்கள். பக்கத்து நிழலில் உட்கார்ந்து டீ குடித்தவர்கள், நடந்ததை ஆரம்பத்திலிருந்து பார்த்திருக்கிறார்கள். கறுப்பு வெள்ளைக் கயிறு, அறுத்தது ஒரு பெண், ஓடியது ஒரு பிள்ளை. இதைவிட என்ன வேண்டும்? நம் பெண்களின் கைப்பையில் போன வாரத்து விருந்து மிட்டாயாவது இல்லாமல் போகுமா? அள்ளி அள்ளி வீசினார்கள். ஒன்று செர்ஜானின் மூக்கில் பட்டது. அவன் இன்னும் கட்டுண்டு நின்றான்.

"அடி பிசகாம நடப்பா! உன் வழி வெள்ளையா, தடையில்லாம இருக்கட்டும்!" என்று அவர்களில் மூத்தவள் உள்ளங்கைகளை விரித்து வாழ்த்த, எல்லாரும் ஆமீன் என்று முகத்தைத் தடவிக்கொண்டார்கள். அவள் தன் வெள்ளைச் சால்வையை எடுத்து ரைஹான் தோளில் போட்டாள். "கை ராசியான பொண்ணு. என்னா ஓட்டம்டி ஓடுற! பையன் தப்பிச்சான், எங்கயும் பின்தங்க மாட்டான். ஆனா கத்தியால அறுக்கிறத இன்னிக்குத்தான் பார்க்குறேன். கத்திரிக்கோல் கொண்டாரலையா?"

"அம்மா, இது... நாங்க சும்மா..." என்று ரைஹான் இழுத்தாள்.

கொட்டகை வாசலில் மோல்திர் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு துண்டாகிக் கிடந்த கயிற்றைப் பார்த்தாள். நாத்தனார் தோளில் சால்வையைப் பார்த்தாள். வந்து, பிள்ளையைத் தூக்கி, காரில் உட்கார்ந்தாள். முலாம்பழம் நறுக்கினபடியே அங்கே கிடந்தது.

செர்ஜான் கட்டை அவிழ்த்துக்கொண்டு வந்து காரைக் கிளப்பினான். தைமாஸ் மிட்டாய்த் தாளைத் தின்றுகொண்டிருந்தான். கடைசியில் ரைஹான்தான் வாயைத் திறந்தாள்.

"கயித்த நான் முறுக்கி முடிஞ்சு தந்திடுறேன், மோல்திர். தெரியவே தெரியாது. உன் பெரியம்மா அறுக்கட்டும், அதுதான் கணக்கு. நான் அறுக்கல, கத்தி அறுத்துச்சு."

மோல்திர் பிள்ளையின் வாயிலிருந்த தாளைப் பிடுங்கினாள்.

"நிஜமாத்தான் சொல்றேன். இவன் என்னை மாதிரி ஆயிட்டா எனக்கே பயமா இருக்கு. சமோவார்ல விழுவான். எந்த வேலையிலயும் நிக்க மாட்டான். நீ அன்னிக்கு உங்கம்மாகிட்ட போன்ல சொன்னியே, அது சரிதான். அடுப்படியில இருந்தேன், கேட்டுச்சு."

செர்ஜான் பிரேக்கை மிதித்தே விட்டான். மோல்திரின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு காதுவரை சிவந்தது. கதவைத் திறந்து இறங்கி, புழுதியில் கொஞ்ச தூரம் போய் முதுகைக் காட்டி நின்றாள்.

"போச்சு" என்றான் செர்ஜான். "ஒரு வாரத்துக்கு எனக்குச் சோறு கிடையாது."

"வாய மூடு. என்னாலதான்."

மோல்திர் திரும்பி வந்தாள். ரைஹான் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு குனிந்தாள்.

"சொன்னேன் அண்ணி. இல்லைன்னு சொல்ல முடியாது, இந்த வாயாலதான் சொன்னேன். ஆனா இப்ப நான் வாசல்ல வந்து நின்னப்போ அவன் அப்பத்தான் விழுந்தான். நான் பார்த்தேன். அவன் மூஞ்சி மண்ணுக்குள்ள இருக்கு, அலறுறான். என் கால் அசையல. பெத்தவ நானு, கொட்டகைக் கதவப் புடிச்சுக்கிட்டு மரமா நிக்கிறேன். இவரு எடையச் சொல்லிக்கிட்டு நிக்கிறாரு. உங்க கால் ஒண்ணுதான் ஓடுச்சு." அவளுக்குக் குரல் உடைந்தது. "நான் இதுவரைக்கும் ஒரு தடவகூட ஓடினதில்ல அண்ணி. விழுந்திருவேனோன்னு."

பதிலுக்குக் காத்திருக்காமல் போனை எடுத்தாள். அங்கே ஒற்றைக் கோடாகத்தான் சிக்னல் இருந்தது. பெரியம்மாவின் குரல் விட்டு விட்டுக் கேட்டது.

"பெரியம்மா, கயிறு அறுத்தாச்சு. வழியிலயே. ரைஹான் அண்ணி அறுத்தாங்க."

"யாரு, அந்த டிராலி பஸ்ஸா?"

"ஆமா."

"பையன் ஓடினானா?"

"ஓடினான்."

"விழுந்தானா?"

"விழுந்தான் பெரியம்மா. அவனே எந்திரிச்சு ஓடினான்."

"அப்ப சரி" என்றாள் தலைமையாசிரியை. "எனக்கு முட்டி வலி, கையப் புடிச்சுக்கிட்டு எப்படி ஓடப் போறேன்னு ஒரு வாரமா தூங்கல. உங்ககிட்ட சொல்லத்தான் கூச்சமா இருந்துச்சு. சீக்கிரம் வாங்க, கறி வெந்துருச்சு."

செர்ஜான் ஸ்டியரிங்கில் தலையை முட்டிச் சிரித்தான். ரைஹான் சிரிக்கவில்லை. கன்னம் இரண்டும் நனைந்து, சால்வை முனையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷத்தை உட்கார்ந்த வாக்கில் தாங்கத் தெரியவில்லை.

"ஏய், வழிய விடு. என்னால உக்கார முடியல" என்று மோல்திரைத் தள்ளிக்கொண்டு கீழே இறங்கினாள். கெகென் சாலை கண்ணுக்கெட்டிய தூரம் வெறிச்சென்று கிடந்தது. இரண்டு கையையும் வீசிக்கொண்டு அதில் ஓடத் தொடங்கினாள். வெள்ளைச் சால்வை பின்னால் படபடத்தது. காருக்குள் தைமாஸ் கண்ணாடியில் அறைந்து, என்னையும் விடு என்பது போலக் கத்தினான்.

மோல்திர் அவனை இறக்கிவிட்டாள். அவன் விழுந்தான், எழுந்தான், அத்தையைப் பார்த்து ஓடினான்.

"மோல்திர், ரோடு! லாரி வரும்!" என்று செர்ஜான் ஜன்னலில் தலை நீட்டினான்.

அவள் குனிந்து விருந்துச் செருப்பைக் கழற்றி அவன் மடியில் போட்டாள். தார் சுட்டது. ஒரு காலை எடுத்து வைத்தாள், அடுத்ததை வைத்தாள், பிறகு "அண்ணி, நில்லுங்க, நானும் வர்றேன்!" என்று கத்திக்கொண்டு ஓடினாள்.