சீராக வந்த குழாய்கள்

என் கல்யாணச் சீராக ஒரு மாட்டுவண்டி நிறைய இரும்புக் குழாய் வந்தது. ஐம்பதுகளின் நடுவில் இருக்கும். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குச் சீர் என்றால் நகை, பாத்திரம், பால் மாடு. எனக்கு மட்டும் துத்தநாகம் பூசிய வெள்ளைக் குழாய். வண்டியிலிருந்து இறக்கும்போது அது வெயிலில் வெள்ளி மாதிரி மின்னியது உண்மைதான். ஆனால் கழுத்தில் போட்டுக்கொள்ள முடியுமா? சொந்தக்காரப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்பாவின் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அப்பா கோயமுத்தூரில் குழாய்க் கடை வைத்திருந்தார். தொண்டாமுத்தூர்ப் பக்கம் என்னைக் கொடுத்த வீட்டில் ஆழமான கிணறு இருந்தது, கரண்டும் புதிதாக வந்திருந்தது. மோட்டார் வாங்கியதோடு என் வீட்டுக்காரரின் கையிருப்பு தீர்ந்துபோயிற்று. வளையலுக்குப் பதில் குழாயாகக் கொடுத்தால் மகளின் தோட்டம் பச்சையாகும் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். என் வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். அத்தை, அதாவது என் மாமியார், ஒன்றுமே சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும் என்பது புதுப்பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

கிணற்றின் பாதி ஆழத்தில் திட்டு கட்டி மோட்டாரை வைத்து, அதிலிருந்து குழாய்களை ஒன்றோடொன்று முடுக்கித் தண்ணீருக்குள் இறக்கினார்கள். பூசை போட்டு, சொந்தமெல்லாம் சுற்றி நிற்க, சுவிட்சைத் தட்டினால் மோட்டார் ஓடியது, தண்ணீர் மட்டும் ஏறவில்லை. உறிஞ்சுகிற குழாயில் ஊசிமுனை அளவு காற்று புகுந்தாலும் அப்படித்தான் ஆகும். குழாய் மாட்டியவர் தன் வேலையில் குறை என்று ஒப்புக்கொள்வாரா? இது தகட்டைச் சுருட்டி ஒட்டுப் போட்ட குழாய், ஒட்டு விட்டிருக்கும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அத்தைக்கு அது போதும். ஒட்டுப் போட்ட சாமானைச் சீர் என்று தலையில் கட்டிவிட்டார்களாம். ஆள்விட்டு அப்பாவுக்குச் சொல்லியனுப்பினார்: வளையலைக் கொடுத்துவிட்டுக் குழாயை எடுத்துப் போகட்டும், இல்லையென்றால் குழாயோடு பெண்ணையும் அழைத்துப் போகட்டும். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. அப்பா முன்கோபி, கையிறுக்கம், எல்லாம்தான். ஆனால் ஓட்டைச் சரக்கை நல்ல சரக்கென்று தள்ளிவிடுகிற ஆள் இல்லை. கடையிலேயே வளர்ந்தவள் நான், எனக்குத் தெரியாதா?

அப்பா வருவதாகச் சொல்லியிருந்த நாளன்று காலையில் தலைக்குக் குளித்துவிட்டு, சாமி படத்தருகில் இருந்த ஊதுபத்தியைக் கொளுத்தி எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். என் வீட்டுக்காரர் வழக்கம்போல, உள்ளே இருக்கும் காற்று வெளியேற மோட்டாரின் பம்பில் தண்ணீர் ஊற்றி நிரப்பி ஓட்டிப் பார்த்து, அலுத்துப்போய் எங்கோ போயிருந்தார். மேலேயிருந்த சுவிட்சைப் போட்டுவிட்டுக் கிணற்றுப் படியில் இறங்கினேன். காற்று புகும் இடத்தில் புகையைக் காட்டினால் புகையும் உள்ளே இழுபடும் என்று கடை ஆட்கள் பேசக் கேட்டிருக்கிறேன்.

கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்த அத்தையின் கண்ணுக்கு இது வேறு மாதிரி பட்டிருக்கிறது. பேச்சு வாங்கிய மருமகள், ஈரத்தலை, கையில் ஊதுபத்தி, கிணற்றுப் படி. மோட்டார் சத்தத்தில் அவர் ஓடி வந்தது எனக்குக் கேட்கவில்லை. திடீரென்று இரண்டு சாணிக் கைகள் என் தோளைப் பிடித்துப் படியோடு அமுக்கின.

"வேண்டாங்கண்ணு. நாஞ் சொன்னதெல்லாம் மனசுல வெச்சுக்காத அம்மணி. குழாயும் வேண்டாம், வளையலும் வேண்டாம். ஊட்டுக்கு வா."

அவர் பிடியை விடவேயில்லை. நான் சாகப் போகவில்லை, ஓட்டையைத் தேடப் போகிறேன் என்று புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. சிரிப்பு ஒருபக்கம் வந்தது. ஆனாலும், இந்த மனுஷிக்கு நான் வேண்டும் என்று தெரிந்ததும் அந்தச் சாணிக் கையை நானும் பிடித்துக்கொண்டேன். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் பின்னாலேயே படியிறங்கினார்.

குழாயின் ஒட்டு நெடுகப் புகையைக் கொண்டுபோனோம். அது பாட்டுக்கு மேலே போயிற்று. இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் மட்டும் சட்டென்று மடங்கி உள்ளே நுழைந்தது. காற்றுப் புகாமலிருக்க மரையில் சுற்ற வேண்டிய சணலைச் சுற்றாமலேயே முடுக்கியிருந்தார் குழாய் மாட்டிய அந்தப் புண்ணியவான். அத்தை யோசிக்கவேயில்லை. கையிலிருந்த சாணியை அந்த இடத்தில் அப்பினார். போதாததற்கு என் தோளிலிருந்தும் வழித்து அப்பினார். மோட்டாரை நிறுத்தி, மறுபடி தண்ணீர் ஊற்றி நிரப்பி ஓடவிட்டோம். குழாய் ஒருமுறை கனைத்தது. பிறகு மேலே தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் படியிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

மதியம் அப்பா வந்தார். தண்ணீர் ஓடும் வாய்க்காலைத் தாண்டித்தான் வந்தார், ஆனால் எதையும் பார்க்கிற நிலையில் இல்லை. கையில் ஒரு துணி முடிப்பு. வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்று அதை நீட்டினார். அத்தை வாங்கித் தடவிப் பார்த்தார், அவிழ்க்கவில்லை. தேய்ந்திருந்ததை வைத்தே, அது என் அம்மாவின் கையில் கிடந்த வளையல்தான் என்று தெரிந்துகொண்டார் போலிருக்கிறது. முடிப்பை அப்பாவின் கையிலேயே திரும்ப வைத்து, அதுவரை கூப்பிடாத முறை சொல்லிக் கூப்பிட்டார்.

"ஏனுங்கண்ணா, இதக் கொண்டுபோயி அண்ணி கையில நீங்களே போட்டுடுங்க. நாளைக்கு நான் விருந்துக்கு வாரனுங்க. மொட்டக் கையோட அவங்க சோறு போட்டா எனக்குத் தொண்டையில எறங்காதுங்க."