தேர் வரை போன உப்புப் பொட்டலம்

சனிக்கோளின் வளையங்கள் பனித் துண்டுகளின் கூட்டம் என்பது பள்ளியிலேயே தெரிந்ததுதான். என்னை அசர வைத்தது, வெகு காலம் கழித்துப் படித்த வேறொரு செய்தி. அடர்ந்த வளையத்தில் துண்டுகள் ஓயாமல் உரசிக்கொள்வதால், மொத்தக் கூட்டமும் திரவம் போல நடந்துகொள்கிறதாம். எங்கோ ஒரு நிலவு இழுத்தால் அலை எழுந்து வளையத்தினூடே நெடுந்தூரம் செல்கிறது. எந்தத் துண்டும் அதனோடு போவதில்லை. பக்கத்தில் இருப்பதை மெல்ல இடித்துவிட்டுத் தன் வழியில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சென்ற ஆண்டு, ராயபுரத்தில் எங்கள் மாதா கோயில் திருவிழாவின் கடைசி ஞாயிறு மாலை. என் மனைவிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து நான்காவது மாதம் தொடங்கியிருந்தது. தானே நடந்து வந்து தேரில் உப்பும் மிளகும் போடுவதாக மாதாவுக்கு நேர்ந்திருந்தாள்.

தேருக்கு நாலு வீடு முன்னாலேயே கூட்டம் இறுகி, ஊன்றுகோலை நகர்த்தவும் இடமில்லாமல் போயிற்று. தேர் குலுங்கும்போதெல்லாம் அங்கிருந்து ஒரு தள்ளல் கிளம்பியது. வரிசை வரிசையாகத் தலைகள் சாய்ந்து நிமிர, அது எங்களைத் தொட்டுவிட்டுப் பின்னால் போனது. ஒருவரும் இடம் மாறவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவளுக்கோ கண் கலங்கியது. தேர் முனை திரும்பிவிட்டால் இனி அடுத்த ஆண்டுதான்.

முன்னால் நின்ற பருமனான ஆள் திரும்பிப் பார்த்தார்.

"இந்தக் கால வெச்சிகினு எங்கக்கா போவ? பொட்டலத்தக் குடு."

"நேர்ச்ச என்னுது. நான்தான் போடணும்."

"நாலு கை மாறிப் போனா மாதா கோச்சிக்குமா இன்னா?"

அவள் தேரைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், கொடுத்துவிட்டாள். பொட்டலம் தலைகளுக்கு மேலே கைமாறிக் கைமாறிப் போனது. வளையல் கை, உழைத்துக் காய்த்த கை, மருதாணிக் கை. பிறகு கண்ணுக்குத் தப்பிவிட்டது. சற்று நேரத்தில் முன்வரிசைகளிலிருந்து ஒவ்வொரு வாயாகத் தாண்டி "போட்டாச்சு" என்ற சொல் எங்களிடம் வந்தது.

"சிந்தாமப் போட்டாங்களான்னு கேளு," என்றாள்.

கேள்வி போனது. தேர் முனையில் திரும்பிக்கொண்டிருந்தது. பதிலை அந்தப் பருமனான ஆள்தான் சொன்னார். அவரும் எதையும் பார்க்கவில்லை.

"ஒரு மொளகு கூட சிந்தலக்கா."

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.