கீரைப் பாத்தியைச் சுற்றிய வலை

எதையும் எறிவதற்கு முன் உதயகலா அக்கா அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பார். பக்கத்து வீட்டு வளவிலிருந்து இதைப் பல வருடங்களாகக் கவனித்திருக்கிறேன். தேய்ந்த செருப்பை அப்படிப் பார்த்துவிட்டுத் துண்டு வெட்டி வாசல் படலைக்குப் பிணைச்சலாக அடித்தார். நுளம்பு கடிக்காமல் கட்டிலில் கட்டிய வலை கிழிந்ததும், மாங்காய் பறிக்கும் கொக்கத்தடியில் காய் விழும் பையாயிற்று. உடுவிலில் எங்கள் ஒழுங்கைக்குக் குப்பை வண்டி வரும் நாளில் அவருடைய படலையில் மட்டும் ஒன்றும் இருக்காது.

குருநகரிலிருந்து மீன் கொண்டுவரும் சிமியோன் அண்ணையிடம் ஒருமுறை பழைய நைலோன் வலை கேட்டு வாங்கினார்.

"அக்கா, உதிலை ஒரு திரளி மீனும் நிக்காது."

"என்ரை கோழி நிண்டாப் போதும்."

அந்த வலையைக் கீரைப் பாத்தியைச் சுற்றிக் கட்டினார். கோழிகள் அதற்குப் பிறகு கிளறவில்லை.

மகள் ஆரணியும் மருமகன் மயூரதனும் அவரோடுதான் இருக்கிறார்கள். கலியாணமாகி நெடுநாள் பிள்ளையில்லை. நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கு நேர்த்தி வைத்த பிறகுதான் ஆரணிக்கு வயிற்றில் தங்கியது.

நாலாம் மாதத்தில் ஒரு காலை, "தம்பிரானே!" என்று அக்கா அலறியது கேட்டு வேலியிலிருந்த பொட்டுக்குள்ளால் நுழைந்து ஓடினேன். வலையில் ஒரு நாகம். படத்துக்குக் கீழே நைலோன் இறுகித் தோலை வெட்டியிருந்தது. திமிறத் திமிற இன்னும் இறுகியது.

மயூரதன் மண்வெட்டியோடு வந்தார். "விலகுங்கோ மாமி. ஒரே போடு."

"தொடாதேங்கோ தம்பி! அம்மனிட்டைக் கேட்டு வாங்கின பிள்ளை வயித்திலை கிடக்கு. என்ரை வலையிலை அவவின்ரை நாகம் செத்தால் நான் என்ன செய்வன்?"

"அம்மா, என்ன சத்தம்?" என்று உள்ளேயிருந்து ஆரணி கேட்டாள்.

"கோழியடி! நீ உள்ளுக்கை இரு!"

பாம்பு பிடிக்கிறவர்களைக் கூப்பிடலாம் என்றார் மயூரதன். அவர்கள் வரும்வரை அது தாங்காது என்று சொல்லிவிட்டு அக்கா கோழிக்கூட்டுப் பக்கம் போனார். பெரிய சோடாப் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து கழுத்தை அறுத்தெடுத்தார். போத்தலில் கறுப்புச் சீலைத்துண்டைச் சுற்றிக் கொக்கத்தடி நுனியில் கட்டி மருமகனிடம் நீட்டினார்.

"தலைக்கு நேரை பிடியுங்கோ. இருட்டைக் கண்டால் நுழையும்."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"உங்களுக்கென்ன விசரே மாமி? குப்பையைக் குப்பையிலை போட்டிருந்தால் இந்த வில்லங்கம் வந்திருக்குமே?"

திட்டிக்கொண்டே பிடித்தார். பாம்பு முதலில் போத்தலைக் கொத்தியது. அந்தச் சத்தத்தில் நான் கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது தலை உள்ளே இருந்தது. அக்கா சட்டையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குந்தி, கத்தரிக்கோலால் வலையை ஒவ்வொரு கண்ணாக வெட்டிக்கொண்டிருந்தார். அவருடைய விரல்கள் பாம்பின் உடம்பில் பட்டன. நான் என் வாயைப் பொத்திக்கொண்டேன்.

கடைசி இழை தசைக்குள் புதைந்திருந்தது. அதை அறுத்ததும் இரத்தம் கசிந்தது. மயூரதன் தடியைப் போட்டுவிட்டுப் பாய்ந்து ஓடினார். அக்காவால் எழும்ப முடியவில்லை. பாம்பு பின்வாங்கிப் போத்தலிலிருந்து வெளியே வந்து, அவருக்கு ஒரு முழத்துக்கு முன்னால் படமெடுத்து நின்றது. அவர் கத்தரிக்கோலோடு கைகூப்பினார். எவ்வளவு நேரம் அப்படி நின்றதென்று எனக்குத் தெரியாது. பிறகு தலையைத் தாழ்த்தி, வேலிக்குக் கீழால் எங்கள் வளவுக்குள் போய்விட்டது.

மயூரதன் கிணற்றடியில் நின்று கேட்டார். "மாமி, உயிரோடை இருக்கிறியளே?"

"இருக்கிறன். தேத்தண்ணி வைக்கச் சொல்லுங்கோ."

இப்போது ஆரணிக்கு எட்டாம் மாதம். நடந்ததை அவளுக்கு இன்னும் ஒருவரும் சொல்லவில்லை. வலையை அக்கா அன்றே எரித்துவிட்டார், கீரையைக் கோழிகள் தின்கின்றன. பாம்பு எங்கள் வளவில் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. நான் நிலத்தில் தடியைத் தட்டித் தட்டித்தான் கிணற்றடிக்குப் போகிறேன்.